மூன்று நிலைக்கும் பொது

சிங்கப்பூர்
3-2-1957

அன்புத் தங்கை பாக்கியலட்சுமிக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளை கருணாகரனும் நலமாக இருப்பதை உன் கையெழுத்தால் அறிய விழைகிறேன். சுண்ணத் தூசியால் அவருக்கு வந்த இருமல் தணிந்ததா?

நீ கேட்ட வரைபடத்தை முடித்து, இத்துடன் இரண்டு தாள்கள் விடுத்துள்ளேன். சாலையை அகலப்படுத்துவதற்காகக் காஜா பெராங் தொழிலாளர் வரிசைவீடுகளை ஆகஸ்டுக்குள் இடிக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். குடிபெயர ஒரு சாண் நிலமும் இல்லாதபோது, செட்டிக் கம்பத்துத் தெய்வநாயகம் தம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு தந்திருக்கிறார். இருபதடி அகலம், ஐம்பதடி நீளம். படுத்துக் கிடக்கும் வீட்டுக்கு அவ்விடம் போதாது. ஆகவே வீட்டை எழுந்து நிற்கச் சொல்வோம்!

நெருக்குண்டு வாழும் மக்களை ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்குவதே இங்கு எங்கள் வரைவகத்தின் நாள்தோறும் உள்ள பணி. நிலைக்கு இரண்டு குடும்பம். குடும்பத்திற்கு ஓர் அறை, ஓர் அடுக்களை, ஒரு சாளரம். நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் குழி. படிக்கட்டின் வயிற்றுக்குள் மிதிவண்டிகளும் அரிசிப் பெட்டிகளும். கட்டில் சுவரோடு மடியும் பலகை. துணி உலர்த்தும் மூங்கில் சாளரத்திற்கு வெளியே நீளும். ஆட்டுக்கல் கீழே ஒன்றே ஒன்று, எல்லார்க்கும் பொது. கல்லின் எடை மேலே ஏறலாகாது. எத்தனை குடும்பம் என்று நீ எழுதவில்லை. யார் யாருக்கு இடம் என்பதை நீங்களே முடிவு செய்க.

முதல் தாள் அடித்தளம். தூண்கள் நிற்கும் இடமும் அவற்றின் கீழ் இறங்கும் பக்காவ் என்னும் சதுப்புநில மரக்கழிகளும் அதில் உள்ளன. இரண்டாம் தாள் அறைகள். அதன் தலையில் ‘மூன்று நிலைக்கும் பொது’ என்று எழுதியுள்ளேன். மாடங்களை நிலை என்று எண்ணியது நம் முன்னோர் வழக்கு. அச்சொல்லை நாமே ஆளாவிட்டால் வேறு யார் ஆள்வார்?

எங்கள் அலுவலகப் பொறியாளர் கணக்கைப் பார்த்து ஒப்பமிட்டுள்ளார். நகர அலுவலகத்திற்குரிய தாள்கள் தனியே போயின. ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்: மூன்று நிலை. அதற்குமேல் ஒரு செங்கல்லும் வேண்டா. காஜா பெராங் மண்ணை நான் அறிவேன். மேலே நான்கடி உறுதி. கீழே சாம்பல் நிறச் சேறு.

நேரில் வந்து நின்று பார்க்க இயலாத வீட்டுக்கு வரைகிறேன் என்பதே என் அச்சம். சென்ற ஆண்டு தொழிலாளர் மேடையில் நான் பேசிய பேச்சுக்காக மலாயாக் கூட்டரசு என்னை ஜொகூர்ப் பாலத்துக்கு இப்பாலேயே நிறுத்திவிட்டது. என் கண்ணாக நீ இரு.

உன் மறுமொழியை நோக்கியிருக்கும் அண்ணன்,
கலியாணசுந்தரம்

*

காஜா பெராங், மலாக்கா
25-2-1957

பேரன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கையின் வணக்கம்.

இங்கு இருவரும் நலம். அவர் இருமல் பாதி குறைந்தது. தங்கள் உணவும் உடலும் எப்படி?

தாள்கள் வந்தன. பள்ளிக்கூடத்துப் பலகையில் குத்திவைத்து எல்லார்க்கும் படித்துக் காட்டினேன். அவர் ஒரு நாழிகை பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “ஒங்கண்ணன் எங்க கோபுரக்காரப் பேச்சுல எழுதியிருக்காரு, பாத்தியா? கொத்தனாருக்கும் புரியுற தமிழு!” பன்னிரண்டு ஆண்டுகள் கோபுரங்களில் சுதை வேலை செய்த கை அல்லவா? உச்சி குளிர்ந்துபோனார்.

பொது ஆட்டுக்கல் என்றதும் பெண்கள் பக்கம் போர் மூண்டது. “எல்லாரும் கை வெச்ச கல்லுல என் மாவு எப்படிப் புளிக்கும்? எங்கம்மா குடுத்த கல்லு, அத மாடிக்குத் தூக்கிட்டுப் போவாம விடமாட்டேன்” என்றாள் பொன்னம்மா. “நீ கல்லத் தூக்குவியா, கல்லு ஒன்னத் தூக்குமாடி?” என்று மீனாச்சி கேட்க, கூடம் சிரிப்பால் அதிர்ந்தது.

தெய்வநாயகம் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு “பாகுஸ், பாகுஸ்!” என்று மலாயில் பாராட்டினார். பூசைக்குரிய சில சொற்களைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. செட்டிமார் வீடுகளில் மலாயே தாய்மொழி. நிற்கும் வீடு என்பதை ‘ரூமா பெர்டிரி’ என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

சென்ற ஞாயிறன்று, தாங்கள் நின்ற மேடையில் நான் நின்றேன். “விடுதலை விடியும் நாளில் இவ்வரிசையின் ஒரு குடும்பமும் தெருவில் நிற்காது! நின்றால், அது என் குடும்பமாக இருக்கட்டும்!” என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. தங்கள் குரல் என் தொண்டையில் இருந்ததாகச் சொன்னார்கள்.

கழிகள் இறங்கத் தொடங்கிவிட்டன.

என்றும் தங்கள் அன்பை நாடும்,
பாக்கியலட்சுமி

*

சிங்கப்பூர்
17-3-1957

அன்புத் தங்கைக்கு,

மடல் கிடைத்தது. நலம், நலமே நாடுகிறேன். உன் மேடை முழக்கத்தைப் படித்து நெஞ்சு நிமிர்ந்தேன், மறுநொடியே நடுங்கினேன். மேடையில் விடுத்த சொல் திரும்பி வராது. நான் எல்லைக்கு வெளியே நிற்பதும் அத்தகைய ஒரு சொல்லால்தான்.

தூணுக்கு ஒன்பது கழி, ஒன்றும் குறையலாகாது. கிளேபாங் கடற்கரை மணல் அருகிலிருக்கிறது என்று அள்ளிவர வேண்டா. உப்பு மணல் கம்பியை உள்ளிருந்தே தின்னும். வார்த்த காரையை ஈரச் சாக்கால் போர்த்துங்கள்.

இங்கே சென்ற கிழமை ஒரு கடைவீடு சாய்ந்ததைக் கண்டேன். ஓசை ஏதும் இல்லை. கதவுகள்தாம் முதலில் அறிந்தன. மூடிய கதவு திறக்கவில்லை. கடைக்காரர் கதவைச் சீவ ஒரு தச்சரை அழைத்துவரப் போனார். அவர் திரும்பி வருமுன் கடை இல்லை. அன்று முதல் என் அறைக் கதவையும் இருமுறை திறந்து மூடிப் பார்த்தே வெளியேறுகிறேன். சிரிப்பாயானால் சிரி.

நலத்துடன் நீடு வாழ்க.
கலியாணசுந்தரம்

*

காஜா பெராங், மலாக்கா
2-6-1957

பேரன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். அனைவரும் நலம். மூன்று திங்கள் எழுதாமைக்குப் பொறுத்தருள்க. பள்ளி முடிந்ததும் செங்கல் சுமந்தேன். கை காய்த்துவிட்டது, எழுத்து கோணுவது அதனால்தான்.

தாங்கள் சொன்னபடியே எல்லாம். மணல் ஆற்று மணல். கழிகளை நானே எண்ணினேன். நேற்று நல்ல நேரத்தில் எட்டு நிலையும் வைத்தாயிற்று! எட்டுக் குடும்பத்தலைவியரும் தத்தம் நிலைக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டினர். தெய்வநாயகத்தின் மனைவி தன் பங்குக்கு மல்லிகைச் சரம் கட்டி, அது எந்த வாசலுக்கு என்பதில் ஒரு சிறு பூசல் விளைந்து, இறுதியில் படிக்கட்டுக்கே சூட்டினோம்.

கூரைத் தகடு இக்கிழமையில் முடியும். பதினைந்தாம் நாள் குடிபுகுகிறோம். உச்சியில் ஒரு பக்கம் நாங்கள். எதிர்ப் பக்கம் பொன்னம்மாவும் ஜெயபாலனும். பொன்னம்மாவுக்கு ஐந்து திங்கள். எங்கள் சாளரத்தில் நின்றால், தெய்வநாயகத்தின் தென்னை மட்டைகளுக்கு மேலாகக் கிளேபாங் கடல் ஒரு வெள்ளி நூலாகத் தெரிகிறது. அந்த நூலைத் தங்களுக்குக் காட்டும் நாள் விரைவில் வருக.

தங்கள் நலம் கேட்டு ஏங்கும்,
பாக்கியலட்சுமி

*

சிங்கப்பூர்
7-6-1957

தங்கைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்கிறேன். மெய்யாகவே கேட்கிறேன்.

எட்டு நிலை வைத்தாயிற்று என்று எழுதியுள்ளாய். வாசல் நிலையைச் சொல்கிறாய் என்பது புரிந்து முதலில் மகிழ்ந்தேன். பின்பு விரல்விட்டு எண்ணினேன். நிலைக்கு இரண்டு குடும்பம். மூன்று நிலைக்கு ஆறு வாசல். எட்டு எங்கிருந்து வந்தது?

ஓர் அறையைத் தட்டியால் இரண்டாக்கினீர்கள் என்று எண்ணி ஆறுதல் கொள்ள முயன்றேன். ஆனால் தென்னைக்கு மேலாகக் கடல் தெரிகிறது என்றாய். அந்தத் தென்னைகளின் கீழ்தான் நான் வளர்ந்தேன். நான் வரைந்த உச்சிச் சாளரத்திலிருந்து தென்னந்தண்டுதான் தெரியும், மட்டை தெரியாது, கடல் தெரியவே தெரியாது.

தெருவில் இறங்கி நின்று, தரையோடு ஒட்டிய அறையிலிருந்து தொடங்கி, மேலே கூரை வரை எத்தனை அடுக்கு என்று எண்ணு. விளக்கம் வேண்டா. ஓர் எண் போதும். அதுவரை எவரும் குடிபுக வேண்டா.

கலியாணசுந்தரம்

*

சிங்கப்பூர்
24-6-1957

தங்கைக்கு,

பதினேழு நாள்கள் கடந்தன. உன் மறுமொழி இல்லை. மாறாக, நான் மலாயில் எழுதிக் கேட்டிருந்த தெய்வநாயகத்திடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மலாயில் இரண்டே வரி: “அம்பாட் திங்காட். சாயா தாக்குட்.”

நான்கு அடுக்கு. எனக்கு அச்சமாக இருக்கிறது.

தமிழ் அறியாத அவர் சரியாக எண்ணினார். தமிழைக் கரைத்துக் குடித்த நாம் மூவரும் தவறினோம். எப்படித் தவறினோம் என்பதை இப்போது கண்டுகொண்டேன். கோபுரத்தில் கல்லால் எழும்பும் அடித்தளத்தை நிலையாக எண்ணுவதில்லை. அதன்மேல் எழுபவையே நிலைகள். மாப்பிள்ளை கோபுரம் கட்டியவர். ‘அடித்தளம்’ என்ற தாளை ஒரு வீட்டடுக்காகவும், ‘மூன்று நிலை’ என்பதை அதற்கு மேல் மூன்றாகவும் கொண்டார். அவர்மேல் குற்றமில்லை. நான் அடித்தளம் என்றது மண்ணுக்குள் இருப்பதை. மூன்று என்றது தரை அறையையும் சேர்த்து. ‘மூன்றடுக்கு’ என்று தெருவில் பேசும் சொல்லை எழுதியிருந்தால் இது நேர்ந்திராது. என் சொற்பெருமை இரண்டு குடும்பங்களின் எடையாக அத்தூண்கள்மேல் ஏறி நிற்கிறது.

எழுது, பாக்கியம். திட்டியாவது எழுது.

அண்ணன்

*

காஜா பெராங், மலாக்கா
7-7-1957

பேரன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தங்கள் இரு மடல்களும் கிடைத்தன.

பதினைந்தாம் நாள் குடிபுகுந்தோம். பால் பொங்கிற்று. பழைய வரிசைவீடுகளை இடித்துவிட்டார்கள். சாலைக்குச் செம்மண் கொட்டுகிறார்கள். ஆகஸ்டு இறுதியில் பண்டார் ஹிலிர் திடலில் நடக்கும் விடுதலை நாள் அணிவகுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். மூங்கிலில் துணி உலர்த்துவது எளிதாக இருக்கிறது. வெளிச்சக் குழியில் நண்பகலில் மூன்று நாழிகை வெயில் இறங்குகிறது. தங்கள் கணக்கு பிசகவில்லை. மீனாச்சி அக்குழியின் வழியாகவே கீழ்வீட்டோடு ஊர்க்கதை பேசுகிறாள்: “படி எறங்கி வந்து சண்ட போட எனக்கு முட்டி வலிக்குதுடி, அங்கேருந்தே கேளு!” கேட்டுச் சிரித்தோம்.

அவர் நலமாக இருக்கிறார். சற்றுக் குறைவாகப் பேசுகிறார். இருமல் திரும்பியுள்ளது.

ஒரு செய்தி கேட்க மறந்தேன். புதுச் சுவரில் வெயிலுக்குப் பூச்சு காய்ந்தால் மயிரிழைபோல ஒரு கோடு விழுமா? கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி, மூன்றாம் தூணருகே ஒன்று விழுந்துள்ளது. ஒரு முழ நீளம். சாய்வாகப் போகிறது. அது இயல்புதானே?

தங்கள் தங்கை,
பாக்கியலட்சுமி

*

சிங்கப்பூர்
11-7-1957

பாக்கியம்,

இயல்பன்று. காய்ந்த பூச்சின் கோடு வலைபோலப் படரும். சாய்வாக ஒரே திசையில் ஓடாது. சாய்வுக்கோடு என்றால் ஒரு தூண் மற்றவற்றைவிட இறங்குகிறது என்று பொருள்.

நான் சொல்வதைச் சொன்னபடி செய். மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை எடு. கோட்டின் குறுக்கே வைத்து, இருமுனையையும் சிமிட்டியால் ஒட்டு. ஈரச் சிமிட்டியில் ஒட்டிய நாளைக் கீறிவை. கோடு உறங்கினால் கண்ணாடி முழுதாக இருக்கும்; கோடு நடந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பொன்னம்மா சொன்னபடி ஆட்டுக்கற்கள் மேலே ஏறியிருந்தால், எல்லாவற்றையும் இன்றே இறக்குங்கள். ஓர் ஆட்டுக்கல் ஓர் ஆள் எடை. பின்னர் உச்சி அடுக்கைக் கலையுங்கள். முதலில் கூரைத் தகடு, அடுத்து சுவர், மேலிருந்து கீழாக, கையால். சம்மட்டி ஓங்கலாகாது.

உன் மேடைச் சொல் உனக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன். அச்சொல்லின் கீழ் பொன்னம்மா படுத்திருக்கிறாள்.

நீங்கள் அனைவரும் நலமாயிருக்க வேண்டும். வேண்டும்.
அண்ணன்

*

காஜா பெராங், மலாக்கா
28-7-1957

பேரன்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். கண்ணாடியும் நலம்.

அப்பாவின் ஒளிப்படச் சட்டத்திலிருந்து கண்ணாடியை எடுத்து, விரல் அகலத்துக்கு அவர் அறுத்துத் தந்தார். ஒட்டியவள் நானே. ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி இருந்தது. எளிதில் அடையாளம் தெரியட்டும் என்று அத்துண்டையே தேர்ந்தேன். பதினாறாம் நாள் ஒட்டினேன். இன்று காலை பார்த்தேன். சுவரில் கண்ணாடி முழுதாக உள்ளது.

ஆட்டுக்கற்கள் இறங்கின, பொன்னம்மாவுடையது நீங்கலாக. உச்சியைக் கலைப்பதுபற்றித் தாங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டார். எழுந்து போய்க் கைகால் கழுவினார்.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் நாளுக்கு இன்னும் ஐந்து கிழமைகள். அந்நாள் கழியட்டும், அண்ணா. எட்டுக் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் விடுதலையைக் கண்டன என்று ஒருநாள் சொல்லிக்கொள்ளட்டும். அதன்பின் தாங்கள் சொல்வதைச் செய்கிறோம். கண்ணாடி முழுதாகத்தானே இருக்கிறது?

தங்கள் உடலைப் பேணுக.
பாக்கியலட்சுமி

*

சிங்கப்பூர்
2-8-1957

பாக்கியம்,

எல்லை கடக்க விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். விடுதலைக்குப் பின் வந்து கேள் என்றார் எழுத்தர்.

நேற்று எங்கள் பொறியாளர் முன் என் கணக்கை வைத்து, “நான்காவது ஓர் அடுக்கு ஏறினால்?” என்று வினவினேன். உன் வீடு என்று சொல்லவில்லை. அவர் எழுதுகோலை எடுத்தார். தூணின் எண்ணைப் பார்த்தார். கழியின் எண்ணைப் பார்த்தார். எழுதுகோலைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, “அதில் யாரும் குடியிருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டார்.

தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

ஐந்து கிழமை என்று கெஞ்சாதே. மண்ணுக்கு நாட்காட்டி தெரியாது.

ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் விடை எழுது. கண்ணாடி முழுதாக உள்ளது என்றாய். குமிழி?

அண்ணன்

*

காஜா பெராங், மலாக்கா
21-8-1957

அண்ணா,

குமிழி இல்லை.

சென்ற மடலை எழுதும்போதே இல்லை. எழுதும் முன் காலையில் பார்த்தேன், கண்ணாடி முழுதாக இருந்தது, குமிழி இல்லை. ‘சுவரில் கண்ணாடி முழுதாக உள்ளது’ என்று எழுதினேன். அச்சொல்லில் பொய்யில்லை. மேடையில் பழகிய நாவுக்கு அப்படியொரு மெய்யைக் கட்டத் தெரிந்திருக்கிறது.

தங்கள் வினா வந்த பிறகும் பத்து நாள்கள் வாளாவிருந்தேன். பதினேழாம் நாள் காலை கதவு திறக்கவில்லை.

எங்கள் உச்சிக் கதவு. அவர் தோளால் இடித்துத் திறந்தார். நான் தங்கள் கடைவீட்டை நினைத்தேன். அவர் உளியை எடுத்துக் கதவைச் சீவப் போனார். அந்த உளிப்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினேன். உள்ளே துணியில் பொதிந்த கண்ணாடிச் சில்லுகள். மூன்று கண்ணாடிகளின் சில்லுகள். ஒன்றில் குமிழி.

“நாந்தான் மாத்தினேன்” என்றார். “மூணு தடவ. ஒனக்குத் தெரிஞ்சா நேரா மேடையில போய்ச் சொல்லிருவ. அப்பறம் இந்த ஊர்ல எவன் என் கையில கரண்டியக் குடுப்பான்? ‘கோபுரம் கட்டினவன், ஒரு வீட்டுக்கு நிலை எண்ணத் தெரியல’ம்பான்.”

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“என்னா தெரியும்?”

“மாற்றியது தெரியும். மூன்று கிழமையாகத் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஒரே அறையில், அதே கோட்டின்மேல், ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு இருவரும் சோறு உண்டிருக்கிறோம். “தெரிஞ்சுமா புள்ளத்தாச்சிய எதுத்த ரூம்புல வெச்சிருந்த?” என்றார். பின்பு, “நானுந்தானே” என்று சுவரோடு சாய்ந்தார்.

எட்டுக் குடும்பத்தையும் தெருவுக்கு இறங்கச் சொன்னேன். மேடை ஏதும் இல்லை. செம்மண் குவியலின் அருகே நின்றேன். “நிலை என்ற சொல்லைத் தவறாகப் படித்தோம். கோடு விழுந்ததை மறைத்தேன். இவ்வீடு ஆறு குடும்பத்துக்கே. உச்சி இன்று இறங்குகிறது” என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை.

“மேடையில அப்பிடிப் பேசினீங்க, டீச்சர். இப்ப ஆறுங்கிறீங்க” என்றாள் பொன்னம்மா. “நான் எங்க போவேன்? ரோட்டுலயா பெத்துக்குவேன்?”

தெய்வநாயகம் எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் அறியாமல் அவள் முகத்தை மட்டும் பார்த்திருந்தார். தம் முன்கூடத்துக் கதவை இருபக்கமும் திறந்துவைத்துவிட்டு வந்து, “மாசோக் லா, அடெக், மாசோக்” என்றார். உள்ளே வா, தங்காய். ஜெயபாலன் தன் மனைவியின் ஆட்டுக்கல்லைத் தோளில் ஏற்றி இறங்கினான். படியில் அவன் எடுத்துவைத்த ஒவ்வோர் அடிக்கும் நான் கண்ணை மூடினேன்.

மூன்று நாள்களில் கூரைத் தகடும் சுவரும் இறங்கின. படியெங்கும் ஆள் நிறுத்திச் செங்கல்லைக் கைமாற்றினோம். முதல் செங்கல்லைப் பெயர்த்தவர் அவரே. புதிய கண்ணாடி ஒட்டியுள்ளோம். இம்முறை ஈரச் சிமிட்டியில் எட்டு வீட்டாரும் தத்தம் பெயரின் முதல் எழுத்தைக் கீறினர். எவராலும் மாற்ற இயலாது.

நாங்கள் இருவரும் இறக்கிய தகடுகளைக் கொண்டு சாலையோரம் ஒரு கொட்டகை போட்டுள்ளோம். நின்றால் அது என் குடும்பமாக இருக்கட்டும் என்றேனே. நிற்கிறது.

என்னை வெறுக்காமல் எழுதுங்கள்.
பாக்கியம்

*

சிங்கப்பூர்
25-8-1957

என் தங்கைக்கு,

வெறுக்கவில்லை. அழுதேன். பிறகு கணக்குப் போட்டேன்.

எடை குறைந்தது, இறங்கிய தூண் ஏறாது. மண் தான் ஏற்ற சுமையை மறக்கப் பல திங்கள் ஆகும். அதுவரை கண்ணாடியே உன் நாட்காட்டி. முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைகள் மேலே ஏறிக் குதிப்பார்கள். தடுத்துவிடு. மாப்பிள்ளையின் கையை எனக்காக ஒருமுறை பற்றிக்கொள். பிழை என் சொல்லில் தொடங்கியது என்று சொல்.

மறுமொழி வரும்வரை உண்ண மனமில்லை. இருந்தும் உண்பேன், நீயும் உண்.

அண்ணன்

*

காஜா பெராங், மலாக்கா
1-9-1957

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம்.

நேற்றுக் காலை தெய்வநாயகத்தின் முன்கூடத்து வானொலியைச் சாளரத்தில் தூக்கி வைத்தார்கள். தெருவே அங்கு கூடிற்று. பள்ளிப் பிள்ளைகளை அணிவகுப்புக்கு வேறோர் ஆசிரியர் அழைத்துப் போனார், நான் போகவில்லை. படிக்கட்டின் அடியில் முக்காலி போட்டு அமர்ந்திருந்தேன். மேலே ஏற வந்த பிள்ளைகளை அவர் கையை விரித்து மறித்தார். “மாமா, கொடி காட்டணும் மாமா” என்றார்கள். “கீழ நின்னு காட்டு. கொடிக்கு ஒசரம் வேணாம்” என்றார்.

விடுதலை என்னும் ‘மெர்டேக்கா’ முழக்கம் வானொலியில் எழுந்தது. தெரு முழுவதும் உடன் முழங்கியது. பொன்னம்மாவும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு முழங்கினாள். ஏழு முறை. என் வாழ்நாளெல்லாம் எந்தச் சொல்லை முழங்கக் காத்திருந்தேனோ, அச்சொல்லுக்கு என் வாய் திறக்கவில்லை. ஏழு முறையும் சுவரையே பார்த்திருந்தேன். ஒவ்வொரு முழக்கத்துக்கும் கண்ணாடியில் தெருவின் வெளிச்சம் அசைந்தது. அசைந்தது வெளிச்சமா, கண்ணாடியா என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். தாங்கள் சொன்னபடி அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

நாங்கள் நலம். கண்ணாடி, இவ்வரியை எழுதும் இந்நேரம்வரை, நலம்.

பாக்கியலட்சுமி